முழு வர்க்கமா, இல்லையா? நடு உறுப்பைக் கேளுங்கள்

பள்ளிக் கணக்கில் வாய்வழியாகவே பரவிய குறுக்குவழிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, "முதல் உறுப்பும் வர்க்கம், கடைசி உறுப்பும் வர்க்கம் என்றால் மொத்தமும் முழு வர்க்கம்" என்பது. தேர்வுக்கு முந்தைய நாள் மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குறிப்புகளில் இதைத் தவறாமல் கேட்கலாம். இந்தக் குறுக்குவழி பல கணக்குகளில் சரியான விடையைத் தந்தும் விடுகிறது. பயிற்சிக்குக் கொடுக்கப்படும் கோவைகளில் பெரும்பாலானவை முழு வர்க்கமாக அமையும்படி முன்கூட்டியே பார்த்துச் செய்யப்பட்டவை என்பதுதான் அதற்குக் காரணம். x² + 6x + 9 என்பதைப் பார்த்ததும் (x + 3)² என்று எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

அதே கண்ணோடு x² + 7x + 1 என்பதைப் பாருங்கள். முதலில் x², கடைசியில் 1, இரண்டும் வர்க்கங்களே. x இருக்கும் இடத்தில் 0 இட்டால் 1 வருகிறது, 1 இட்டால் 9 வருகிறது. இவையும் வர்க்க எண்களாகவே இருப்பதால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது. ஆனால் 2 இட்டால் 4 + 14 + 1, அதாவது 19 வருகிறது. எந்த முழு எண்ணின் வர்க்கமும் 19 ஆகாது. ஆகவே இந்தக் கோவை முழு வர்க்கம் அன்று. குறுக்குவழி இங்கே ஏமாற்றிவிட்டது. எங்கே ஏமாற்றியது என்பதைத் தெரிந்துகொள்ள, முழு வர்க்கம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவைப்படும் சொற்கள் சிலவே. மதிப்பு மாறக்கூடிய ஓர் எண்ணைக் குறிக்கும் எழுத்து மாறி. இங்கே பெரும்பாலும் x. எண்ணும் மாறியும் பெருக்கலால் சேர்ந்து நிற்கும் ஒரு துண்டு உறுப்பு. 7x ஓர் உறுப்பு, 1 ஓர் உறுப்பு. மாறியோடு ஒட்டி நிற்கும் எண் கெழு. 7x இல் கெழு 7. உறுப்புகளைக் கூட்டியும் கழித்தும் எழுதுவது கோவை. மூன்று உறுப்புகள் இருந்தால் மூவுறுப்புக் கோவை, இரண்டு இருந்தால் ஈருறுப்புக் கோவை. ஓர் ஈருறுப்புக் கோவையை அதனாலேயே பெருக்கும்போது கிடைக்கும் மூவுறுப்புக் கோவையைத்தான் முழு வர்க்க மூவுறுப்புக் கோவை என்கிறோம்.

சதுர முற்றத்தை விரிவாக்குதல்

ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள டைல்ஸ் பதித்த சதுரமான முற்றம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் பக்கம் 10 அடி. ஆகவே 100 டைல்ஸ். வீட்டுக்காரர் கிழக்கிலும் தெற்கிலும் 3 அடி கூட்டச் சொல்கிறார். முற்றம் சதுரமாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. புதிதாக எத்தனை டைல்ஸ் வாங்க வேண்டும்?

மூன்றடி கூடுகிறது, மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, ஒன்பது போதும் என்று வாங்கி வரும் கொத்தனார் எவரும் இல்லை. கிழக்கே 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பட்டை வேண்டும், அதற்கு 30. தெற்கே அதே அளவில் இன்னொரு பட்டை, அதற்கும் 30. இரண்டையும் பதித்து முடித்த பிறகு தென்கிழக்கு மூலையில் 3 அடிக்கு 3 அடி வெற்றிடம் ஒன்று மிஞ்சும். அதை அடைக்க 9. ஆகப் புதியவை 69, பழையவற்றோடு சேர்த்து 169. புதிய முற்றத்தின் பக்கம் 13 அடி; 13 × 13 = 169. கணக்கு நேராகிவிட்டது.

இப்போது 10 என்ற இடத்தில் a என்றும், 3 என்ற இடத்தில் b என்றும் எழுதுங்கள். பழைய தரை a². இரண்டு பட்டைகள் ஒவ்வொன்றும் ab; சேர்த்தால் 2ab. மூலைச் சதுரம் b². எனவே

(a + b)² = a² + 2ab + b²

எழுத்துகளுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இரு பக்கமும் சமமாகவே இருக்கும் இத்தகைய வாய்பாட்டை முற்றொருமை என்பார்கள். இது எழுத்துக் கணக்கு பிறப்பதற்கு வெகு முன்பே அறியப்பட்டது. கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் இரண்டாம் பகுதியில் நான்காவது கூற்று இதுவே. அங்கே எழுத்தும் இல்லை, கூட்டல் குறியும் இல்லை. ஒரு கோட்டை ஓரிடத்தில் வெட்டினால், முழுக் கோட்டின் மேல் வரையும் சதுரமானது இரு துண்டுகளின் மேல் வரையும் சதுரங்களுக்கும், அந்தத் துண்டுகளால் அமையும் செவ்வகத்தின் இருமடங்குக்கும் சமம் என்று வடிவங்களின் மொழியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

மாணவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு (a + b)² = a² + b² என்று எழுதுவது. படத்தில் பார்த்தால் அது என்ன தவறு என்பது உடனே விளங்கும்: பழைய தரையையும் மூலையையும் கணக்கில் சேர்த்துவிட்டு, நடுவில் உள்ள இரண்டு பட்டைகளையும் மண்ணாகவே விட்டுவிடுகிறார்கள். முற்றத்தில் அப்படிச் செய்தால் 60 டைல்ஸ் குறையும். 13² = 169 என்று மனப்பாடமாகச் சொல்லும் மாணவரே, அடுத்த வரியில் (10 + 3)² என்பதை 109 என்று எழுதிவிடுகிறார் என்பது விந்தைதான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: வர்க்கத்தை விரித்தால் மூன்று வகைத் துண்டுகள் கிடைக்கின்றன. இரண்டு சதுரங்கள் முனைகளில் நிற்கின்றன. ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகள் சேர்ந்து நடு உறுப்பாகின்றன. பட்டையின் நீளத்தையும் அகலத்தையும் அந்த இரண்டு சதுரங்களின் பக்கங்களே முடிவு செய்துவிடுவதால், நடு உறுப்புக்குத் தன்னிச்சையான மதிப்பு எதுவும் இருக்க முடியாது.

கழித்தல் குறி வந்தால்

முற்றத்தைக் கூட்டாமல் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கம் 10 அடியிலிருந்து 7 அடியாக வேண்டும். கிழக்கு ஓரத்திலிருந்து 30 டைல்ஸ், தெற்கு ஓரத்திலிருந்து 30 டைல்ஸ் என்று 60ஐக் கழித்தால் 40 வருகிறது; ஆனால் 7 × 7 = 49. ஒன்பது எங்கே போயிற்று? தென்கிழக்கு மூலையில் உள்ள 9 டைல்ஸ் இரண்டு பட்டைகளுக்கும் பொதுவானவை. இரு முறை கழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே ஒரு முறை திரும்பக் கூட்ட வேண்டும்: 100 − 60 + 9 = 49. இதை எழுத்தில் எழுதினால்

(a − b)² = a² − 2ab + b²

இங்கே கவனிக்க வேண்டியது கடைசி உறுப்பின் குறி. நடு உறுப்பு கழித்தலாக இருந்தாலும் கடைசி உறுப்பு கூட்டலாகவே நிற்கிறது. x² − 6x − 9, x² + 6x − 9 ஆகிய இரண்டும் முழு வர்க்கம் ஆகவே முடியாது என்பதை, வேறு எதையும் பார்க்காமல் இந்த ஒன்றைக் கொண்டே சொல்லிவிடலாம்.

இந்த முற்றொருமை மனக்கணக்குக்கும் கை கொடுக்கும். 47² எவ்வளவு என்று யாராவது கேட்டால் அதை (50 − 3)² என்று கொண்டு, 2500இலிருந்து 300ஐக் கழித்து 9ஐக் கூட்டினால் 2209 என்று காகிதமின்றியே விடை சொல்லலாம்.

பின்னோக்கிப் படித்தல்

விரிப்பது ஒரு வேலை. விரிந்து கிடப்பதைப் பார்த்து அது எதிலிருந்து விரிந்தது என்று கண்டுபிடிப்பது வேறொரு வேலை. முழு வர்க்கத்தை அடையாளம் காண்பது என்பது இந்த இரண்டாவது வேலைதான். முற்றத்தின் மொழியில் கேட்டால்: ஒரு பெரிய சதுரத் தரை, சில பட்டைகள், சில ஒற்றை டைல்ஸ் ஆகியவற்றைக் கொடுத்தால், ஒன்றும் மிஞ்சாமல், ஒன்றும் குறையாமல் ஒரு முழுச் சதுரத்தை அடுக்க முடியுமா?

x² + 6x + 9 என்றால் x பக்கமுள்ள தரை ஒன்று, ஓர் அடி அகலமும் x நீளமும் உள்ள பட்டைகள் ஆறு, ஒற்றை டைல்ஸ் ஒன்பது. ஒன்பதும் 3க்கு 3 ஆக மூலையில் உட்காரும். மூலையின் பக்கம் 3 என்பதால் கிழக்கே மூன்று பட்டைகள், தெற்கே மூன்று பட்டைகள் வேண்டும். சரியாக ஆறு கையில் இருக்கின்றன. x² + 7x + 9 என்றால் ஒரு பட்டை கையில் மிஞ்சும். x² + 5x + 9 என்றால் ஒரு பட்டை குறையும். இரண்டும் முழு வர்க்கம் அல்ல.

ஆகவே சோதிக்கும் முறை இதுதான். இரு முனை உறுப்புகளும் கூட்டல் குறியுடன் இருக்கின்றனவா, இரண்டுக்கும் வர்க்கமூலம் எடுக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் என்பது, எதை அதனாலேயே பெருக்கினால் அந்த உறுப்பு கிடைக்குமோ அது. பிறகு அந்த இரண்டு வர்க்கமூலங்களையும் பெருக்கி, இருமடங்காக்க வேண்டும். அது நடு உறுப்போடு, குறியை விட்டுப் பார்த்தால், சரியாகப் பொருந்தினால் முழு வர்க்கம், பொருந்தாவிட்டால் இல்லை. பொருந்தும்போது நடு உறுப்பின் குறியே அடைப்புக்குள் இடவேண்டிய குறி.

ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்: 49x² − 84xy + 36y². எண்கள் பெரிதாகத் தோன்றுவதாலும் இரண்டு மாறிகள் இருப்பதாலும் பலர் தயங்கும் இடம் இது. 49x² என்பதன் வர்க்கமூலம் 7x. 36y² என்பதன் வர்க்கமூலம் 6y. இவற்றின் பெருக்கல் 42xy. அதன் இருமடங்கு 84xy. கோவையில் இருப்பதும் 84xy. எண் பொருந்துகிறது, மாறிகளும் பொருந்துகின்றன. குறி கழித்தல். எனவே விடை (7x − 6y)². இதையே (6y − 7x)² என்று எழுதினாலும் தவறில்லை. ஓர் எண்ணுக்கும் அதன் எதிரெண்ணுக்கும் வர்க்கம் ஒன்றுதான். விடைத்தாளில் முதல் வடிவத்தை எழுதுவது வழக்கம், அவ்வளவே.

ஆக, குறுக்குவழியின் பிழை இப்போது தெளிவாகிறது. முனைகளைப் பார்ப்பது சோதனையின் முதல் பாதி மட்டுமே. முழு வர்க்கமாக இருந்தால் அது எதன் வர்க்கமாக இருக்கக்கூடும் என்று முனைகள் காட்டுகின்றன. உண்மையில் அப்படி இருக்கிறதா என்பதை நடு உறுப்பு மட்டுமே தீர்மானிக்கிறது.

நடு உறுப்பு கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாடம் நடத்தும்போது பெரும்பாலும் விட்டுவிடப்படுவதும் இதுவே. முனைகள் மாறாமல் நடு உறுப்பை மட்டும் மாற்றி மூன்று கோவைகளை எடுத்துக்கொள்வோம்:

x² + 5x + 4
x² + 4x + 4
x² + 3x + 4

மூன்றிலும் முனைகளின் வர்க்கமூலங்கள் x, 2. பெருக்கி இருமடங்காக்கினால் 4x. ஆகவே நடுவில் இருப்பது மட்டுமே முழு வர்க்கம். அது (x + 2)². முதலாவதில் ஒரு x கூடுதல், மூன்றாவதில் ஒரு x குறைவு. இப்போது மூன்றிலும் x = −2 என்று இடுங்கள். முதலாவது 4 − 10 + 4, அதாவது −2. இரண்டாவது 4 − 8 + 4, அதாவது 0. மூன்றாவது 4 − 6 + 4, அதாவது 2.

முதலாவது கோவை குறை எண்ணாகிவிட்டது. எந்த மெய்யெண்ணின், அதாவது எண்கோட்டில் உள்ள எந்த எண்ணின், வர்க்கமும் குறை எண்ணாக இருக்க முடியாது. ஆகவே ஓரிடத்திலேனும் குறை மதிப்பைத் தரும் கோவை முழு வர்க்கம் அன்று என்பதற்கு அந்த ஓர் இடமே போதுமான சான்று. உண்மையில் x² + 5x + 4 = (x + 1)(x + 4); வேறுபட்ட இரு காரணிகளாகப் பிரிகிறது, −1, −4 என்ற இரண்டு இடங்களில் பூச்சியமாகிறது, அவற்றுக்கு நடுவே குறை மதிப்பைப் பெறுகிறது.

மூன்றாவது கோவையின் கதை இதற்கு நேர்மாறானது. அது குறை எண்ணாவதில்லை, பூச்சியமாவதும் இல்லை. அதன் மிகச் சிறிய மதிப்பு x = −3/2 என்ற இடத்தில் வருகிறது; அது 7/4. ஈருறுப்புக் கோவையின் வர்க்கம் என்றால், அந்த ஈருறுப்புக் கோவை பூச்சியமாகும் இடத்தில் வர்க்கமும் பூச்சியமாகியே தீர வேண்டும். (x + 2)² என்பது −2இல் பூச்சியமாவதைப் போல. எங்குமே பூச்சியமாகாத x² + 3x + 4 அத்தகைய வர்க்கமாக இருக்க வழியில்லை.

வரைபடம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே தெரியும். இத்தகைய கோவைகளின் வரைபடம் பரவளையம் எனப்படும் கிண்ண வடிவ வளைவு. நடு உறுப்பு தேவையான அளவைவிடப் பெரிதாக இருந்தால் கிண்ணத்தின் அடி x அச்சுக்குக் கீழே இறங்கி அச்சை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. சிறிதாக இருந்தால் அச்சைத் தொடாமல் மேலேயே நிற்கிறது. சரியாக 2ab ஆக இருக்கும்போது மட்டும் அச்சை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுத் திரும்புகிறது. முழு வர்க்கம் என்பது இந்த இரு நிலைகளுக்கும் இடையே உள்ள மெல்லிய எல்லைக்கோடு. நடு உறுப்பு இம்மியளவு நகர்ந்தாலும் எல்லையின் ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், முனைகள் இரண்டும் கூட்டல் குறியுள்ள வர்க்கங்களாக உள்ள இருபடிக் கோவையில், அதாவது x இன் அடுக்கு 2ஐத் தாண்டாத கோவையில், நடு உறுப்பின் அளவே மூன்று நிலைகளில் எது என்று முடிவு செய்கிறது: இரு வேறு காரணிகள், ஒரே காரணியின் வர்க்கம், மெய்யெண் காரணிகள் இல்லாமை.

தோற்றம் மாறி வருபவை

சோதனை எளிது, ஆனால் கோவை எப்போதும் வரிசையாக உடுத்திக்கொண்டு வருவதில்லை. 30x + 9x² + 25 என்று கொடுத்தால் முதல் உறுப்பு 30x, அது வர்க்கம் இல்லை என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். x இன் அடுக்கு இறங்கும் வரிசையில் முதலில் அடுக்கிக்கொள்ள வேண்டும்: 9x² + 30x + 25. இப்போது 3x, 5, இருமடங்குப் பெருக்கல் 30x. விடை (3x + 5)².

பின்னம் வந்தாலும் விதி மாறாது. x² + x + 1/4 என்பதில் வர்க்கமூலங்கள் x, 1/2. இருமடங்குப் பெருக்கல் x. ஆகவே (x + 1/2)². நடுவில் கெழுவே இல்லாததுபோல் தோன்றுவதால் இதைத் தவறவிடுகிறார்கள். அங்கே கெழு 1.

பொதுக் காரணி உள்ளவை சற்றுச் சிக்கலானவை. 2x² + 12x + 18 என்பதில் 2ம் 18ம் வர்க்க எண்கள் அல்ல. ஆனால் எல்லாவற்றிலும் 2 பொதுவாக இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் 2(x² + 6x + 9), அதாவது 2(x + 3)². இதை முழு வர்க்கம் என்று சொல்லலாமா? கண்டிப்பாகச் சொன்னால், விகிதமுறு எண்களை, அதாவது முழு எண்களையோ பின்னங்களையோ, கெழுவாகக் கொண்ட எந்த ஈருறுப்புக் கோவையின் வர்க்கமும் இது அன்று. ஒரு முழு வர்க்கத்தின் இருமடங்கு. காரணிப்படுத்தச் சொல்லும் கணக்கில் 2(x + 3)² என்பதே முழுமையான விடை. முழு வர்க்கமா என்று கேட்கும் கணக்கில் "இல்லை, ஆனால் ஒரு முழு வர்க்கத்தின் மடங்கு" என்று எழுதுவதே பிசகில்லாதது. அதேபோல் −x² + 8x − 16 என்பதில் கழித்தல் குறியை வெளியே எடுத்தால் −(x − 4)².

உயர்ந்த அடுக்குகளும் பயமுறுத்தக்கூடாது. x⁴ + 10x² + 25 என்பதில் x⁴ இன் வர்க்கமூலம் x²; ஆகவே இது (x² + 5)². ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முன்பு சொன்ன பூச்சியச் சோதனை இதற்குப் பொருந்தாது, ஏனெனில் x² + 5 எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியமாவதில்லை. அது இருபடிக் கோவைகளுக்கு மட்டுமே உரிய சோதனை.

விடுபட்ட உறுப்பைக் கண்டுபிடித்தல்

தேர்வுகளில் இந்தப் பாடம் நேராக வருவதைவிட, ஓர் எண்ணை மறைத்துவைத்துக் கேட்கும் வடிவத்தில்தான் அதிகம் வருகிறது. 9x² + kx + 16 முழு வர்க்கம் எனில் k யாது? முனைகளின் வர்க்கமூலங்கள் 3x, 4. இருமடங்குப் பெருக்கல் 24x. விடை 24 என்று நிறுத்திவிடுகிறார்கள். நடு உறுப்பு கழித்தலாகவும் இருக்கலாம் அல்லவா? (3x + 4)², (3x − 4)² இரண்டும் இதே முனைகளைத் தருகின்றன. ஆகவே k என்பது 24 அல்லது −24.

கடைசி உறுப்பை மறைத்தால் இந்த இரட்டை விடை வராது. 25x² + 40x + k என்றால் 2 × 5 × b = 40; b = 4; k = 16. ஒரே விடைதான், ஏனெனில் மறைந்திருப்பது ஒரு வர்க்கம். முதல் கெழு 1 ஆக இருக்கும்போது இது இன்னும் எளிதாகும்: x² + 14x என்பதோடு எதைக் கூட்டினால் முழு வர்க்கம் ஆகும்? 14 இல் பாதி 7. அதன் வர்க்கம் 49. பாதியாக்கியதோடு நிறுத்தி 7 என்று எழுதுவதும், பாதியாக்காமலேயே வர்க்கப்படுத்தி 196 என்று எழுதுவதும் அடிக்கடி காணும் பிழைகள். பதினான்கு பட்டைகளை இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் பக்கத்துக்கு ஏழு, ஆகவே மூலைக்கு 7 × 7 டைல்ஸ் என்று முற்றத்தை நினைத்துக்கொண்டால் இரண்டு பிழைகளும் வராது.

வர்க்கமூலம் எடுக்காமலே சோதிக்கலாமா?

சோதிக்கலாம். வர்க்கமூலம் எடுப்பதில் தவறில்லை, ஆனால் கெழுக்கள் பெரிதாக இருந்தால் அது சலிப்பான வேலை. a, b என்ற எழுத்துகளை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டதால், இருபடிக் கோவையை px² + qx + r என்று எழுதுவோம். முழு வர்க்கமாக இருந்தால் p = a², q = 2ab, r = b². ஆகவே q² = 4a²b²; 4pr என்பதும் 4a²b² தான். அதாவது q² − 4pr = 0. பத்தாம் வகுப்பில் b² − 4ac என்ற எழுத்துகளில் தன்மைகாட்டி என்று படிப்பது இதைத்தான்.

ஆனால் இந்தச் சோதனை சொல்வது எது, சொல்லாதது எது என்று அறிந்து பயன்படுத்த வேண்டும். 2x² + 12x + 18 என்பதில் 144 − 144 = 0 வருகிறது; அதனால் அது முழு வர்க்கம் என்று எழுதினால் தவறு. தன்மைகாட்டி பூச்சியம் என்றால், கோவை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கப்பட்ட வர்க்கம் என்று மட்டுமே பொருள். அந்த எண்ணும் வர்க்கமாக இருந்தால்தான் முழு வர்க்கம். அதற்கு முதல் கெழு வர்க்க எண்ணா என்று பார்த்தால் போதும்.

இதைத் தெரிந்து என்ன பயன்?

முழு வர்க்கத்தை அடையாளம் காணும் பழக்கத்தின் உண்மையான பயன், முழு வர்க்கமாக இல்லாத ஒன்றை முழு வர்க்கமாக்கிக்கொள்வதில் இருக்கிறது. இதற்கு வர்க்கப் பூர்த்தி முறை என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எடுத்துக்காட்டிய x² + 10x = 39 என்ற கணக்கு இன்றுவரை பாடமாகச் சொல்லப்படுகிறது. சதுரத்தின் இரு பக்கங்களிலும் ஐந்து அகலமுள்ள பட்டைகளை ஒட்டினார். மூலையில் வெற்றிடமாக நின்ற 25ஐ இரு புறமும் கூட்டினார். இடப்பக்கம் (x + 5)², வலப்பக்கம் 64. எனவே x + 5 = 8, x = 3. அவர் சதுரத்தின் பக்கத்தைத் தேடியதால் குறை எண் விடையான −13ஐக் கணக்கில் எடுக்கவில்லை.

x² இன் கெழு 1 ஆக இல்லாதபோது பாதியாக்குவதில் பின்னங்கள் புகுந்து தொல்லை கொடுக்கும். இதற்கு இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் ஓர் அழகான வழி சொன்னார். இயற்கணிதம் பற்றிய அவருடைய நூல் இன்று கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அந்த விதியை எடுத்துச் சொன்னதால் அது பிழைத்தது. இரு புறத்தையும் முதல் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி, நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு என்பது விதி.

3x² + 7x + 2 = 0 என்பதில் அதைச் செய்து பார்ப்போம். முதல் கெழுவின் நான்கு மடங்கு 12; பெருக்கினால் 36x² + 84x + 24 = 0. 24ஐ வலப்பக்கம் கொண்டுபோய், இரு புறமும் 49 கூட்டினால் 36x² + 84x + 49 = 25. இடப்பக்கத்தைச் சோதியுங்கள்: 6x, 7, இருமடங்குப் பெருக்கல் 84x. ஆகவே (6x + 7)² = 25. 6x + 7 என்பது 5 அல்லது −5. x என்பது −1/3 அல்லது −2. விடைகளில் பின்னம் இருந்தாலும் வழியில் ஒரு பின்னம்கூட எழுத நேரவில்லை.

px² + qx + r = 0 என்ற பொது வடிவத்தில் இதையே செய்தால் (2px + q)² = q² − 4pr என்று வருகிறது. சற்று முன் சோதனைக்குப் பயன்படுத்திய அதே q² − 4pr இங்கே வலப்பக்கத்தில் நிற்கிறது. அது குறை எண்ணாக இருந்தால் மெய்யெண் விடை இல்லை. மிகை எண்ணாக இருந்தால் இரண்டு விடைகள். பூச்சியமாக இருந்தால் ஒன்றே. பூச்சியமாகும் நிலையில் 4pஆல் பெருக்கிய கோவையே (2px + q)² ஆகிவிடுவதால், மூலக் கோவை அதை 4pஆல் வகுத்தது. 2x² + 12x + 18 என்பதில் இட்டுப் பார்த்தால் (4x + 12)² / 8, அதாவது 16(x + 3)² / 8, அதாவது 2(x + 3)².